ரயில் நின்ற ஊர்கள்: சஸ்காட்செவான் சிற்றூர்களின் நினைவில் எதைக் காப்பது?

சமவெளிவாசி (இழையைத் தொடங்கியவர்)

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தின் தென்பகுதியில் காரில் சுற்றிவருகிறவர்கள் இந்தக் குழுவில் அடிக்கடி படம் போடுகிறார்கள். ஒருபக்கம் சாய்ந்த மரவீடு, கண்ணாடி போன ஜன்னல், பின்னால் பூத்துக் கிடக்கும் கனோலா வயல். படங்கள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றின் கீழே நாம் எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. "காலத்தின் கோலம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஊர் ஏன் அங்கே வந்தது, எந்த வருடம் எதை இழந்தது, யார் முடிவெடுத்து அது போனது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டால் பதில் இருக்கிறது. 1872இல் டொமினியன் நிலச் சட்டம் வந்தது. 10 டாலர் கட்டிப் பதிவு செய்தால் 160 ஏக்கர். மூன்று வருடம் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, ஒரு பகுதியை உழுது காட்டினால் நிலம் சொந்தம். 1885இல் கனடியன் பசிபிக் ரயில்பாதை கடற்கரை வரை முடிந்தது. பிறகு கிளைப்பாதைகள் பரவின. ஊருக்கு இடம் குறித்தது ரயில் கம்பெனியின் வரைபடம். கோதுமை ஏற்றிய குதிரை வண்டி காலையில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் எட்டு பத்து மைலுக்கு ஒரு நிலையம், நிலையத்தை ஒட்டி ஓர் எலிவேட்டர் (தானியம் சேமிக்கும் கோபுரம்), பிறகு கடை, தபால் நிலையம், தேவாலயம், பள்ளி, பனிச்சறுக்கு அரங்கம். ஊர் தயார்.

கலைந்ததும் இப்படி வரிசையாகத்தான். 1944இல் பெரிய பள்ளி வட்டங்களுக்கான சட்டம் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒற்றை அறைப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. 1977இல், தானிய ரயில்பாதைகளை ஆராய்ந்த எம்மட் ஹால் ஆணையம் 2,000 மைலுக்கும் மேற்பட்ட கிளைப்பாதைகளைக் கைவிடலாம் என்றது. 1993இல் மாகாண அரசு ஒரே வீச்சில் 52 கிராமப்புற மருத்துவமனைகளின் படுக்கைகளை எடுத்தது. 1897ஆம் ஆண்டின் க்ரோஸ் நெஸ்ட் ஒப்பந்தத்திலிருந்து ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்துவந்த தானிய ரயில் கட்டணச் சலுகை 1995 ஆகஸ்டு 1 அன்று நின்றது. 2017 மே 31 அன்று அரசு பஸ்களும் நின்றன. 1936இல் இந்த மாகாணத்தில் ஏறக்குறைய 1,42,000 பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34,128. சராசரிப் பண்ணையின் அளவு 1,700 ஏக்கரைத் தாண்டிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு ஊரின் நினைவைக் காப்பதென்றால், அது எப்படிக் கலைக்கப்பட்டது என்ற கணக்கையும் சேர்த்துக் காக்க வேண்டும். அந்தக் கணக்கு கட்டடத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கக் கூட்டக் குறிப்பேடு, பள்ளி வருகைப் பதிவேடு, ஊர்மன்றத் தீர்மானப் புத்தகம், இடுகாட்டின் வரைபடம். வரி கட்ட ஆளில்லாமல் ஒரு ஊர்மன்றம் கலைந்து சுற்றியுள்ள ஊரக நகராட்சியோடு சேரும்போது இவையெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு நிலவறைக்குப் போகின்றன. அவர் காலமானதும் பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்கிறார்கள். குப்பை வண்டியில் போவதில் பாதி இதுதான்.

இங்கே பலர் இந்த மாகாணத்திலும் ஆல்பர்ட்டாவிலும் சிற்றூர்களில் வேலை பார்க்கிறீர்கள். கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கண்ணில் பட்டது என்ன?

ரயில்நேசன்

நல்ல தொடக்கம். ஊருக்கு இடம் குறித்தது மட்டுமல்ல, பெயர் வைத்ததும் கம்பெனிதான். கிராண்ட் டிரங்க் பசிபிக் பாதையில் கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் ஊர்களின் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வரும். ஃபென்வுட், குடீவ், ஹப்பர்ட், இடூனா, ஜாஸ்மின், கெல்லிஹர் என்று போய், வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா என்று எழுத்துகள் தீர்ந்ததும் ஆலன், பிராட்வெல், கிளேவெட் என்று மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கும். யாரும் குடிவருவதற்கு முன்பே பெயர்ப் பலகை நட்டாகிவிட்டது.

எலிவேட்டர் என்பதைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ளாமல் அந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. எழுபது எண்பது அடி உயர மரக்கோபுரம். பலகைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அறைந்து எழுப்பிய சுவர். தானியம் பக்கவாட்டில் தள்ளும் பாரத்தை அப்படிப்பட்ட சுவர்தான் தாங்கும். விவசாயி வண்டியை உள்ளே ஓட்டி எடைமேடையில் நிறுத்துவார். தரையில் உள்ள கம்பிவலை வழியாகத் தானியம் கீழே குழிக்குள் கொட்டும். முடிவில்லாமல் சுற்றும் பட்டையில் வரிசையாகத் தகரக் கிண்ணங்கள் இருக்கும். அவை தானியத்தை அள்ளி உச்சிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து ஒரு குழாயைத் திருப்பி எந்த அறைக்கு வேண்டுமோ அந்த அறைக்கு விடுவார்கள். தானியத் தூசு தீப்பிடித்து வெடிக்கும் என்பதால் இன்ஜினை மட்டும் தள்ளி இன்னொரு கொட்டகையில் வைத்திருப்பார்கள். முகவர் கையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்துத் தரம் சொல்லி, தூசிக்கும் களைவிதைக்கும் கழிவு போட்டு, ரசீது எழுதுவார். விவசாயியின் ஒரு வருட உழைப்பு அந்த ரசீதில் அடங்கிவிடும்.

அந்தக் கழிவிலும் தரத்திலும் ரயில் பெட்டி ஒதுக்குவதிலும் நடந்த அநியாயத்தை எதிர்த்துத்தான் இங்குள்ள விவசாயிகள் ஒன்றுசேர்ந்தார்கள். 1902இல் சிண்டாலூட்டா என்ற சிற்றூரில், பெட்டிகளை முறைப்படி பகிர்ந்து தரவில்லை என்று கனடியன் பசிபிக் நிலைய முகவர் மீதே வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1924இல் சஸ்காட்செவான் கோதுமைக் கூட்டுறவு அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆல்பர்ட்டா, சஸ்காட்செவான், மானிடோபா ஆகிய மூன்று பிரேரி (சமவெளி) மாகாணங்களிலும் சேர்த்து 1933இல் 5,758 எலிவேட்டர்கள் இருந்தன. இன்று சில நூறு. அவற்றிலும் பெரும்பாலானவை நூறு பெட்டி ரயிலை ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் நிலையங்கள்.

வரவுசெலவு

மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். யாரையும் புண்படுத்த அல்ல.

சமவெளிவாசி சொல்லும் தீர்மானங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அவை நோய் அல்ல, நோய் முற்றியபின் எழுதிய சான்றிதழ். குதிரையின் நடையை அளவாக வைத்துப் போட்ட ஊர்கள் அவை. லாரி வந்தவுடன் அந்த அளவுக்குப் பொருள் போய்விட்டது. தார்ச்சாலை வந்தபிறகு முப்பது மைல் தள்ளியுள்ள ஊரில் இரண்டு கடை இருந்தால் எவரும் அங்கேதான் போவார்கள். 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பது 1930களிலேயே தெரிந்துவிட்டது. 1937இல் சஸ்காட்செவானின் கோதுமை விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷலுக்கும் குறைவு (ஒரு புஷல் கோதுமை ஏறக்குறைய 27 கிலோ). புழுதிக்காற்றில் மேல்மண் போனது. பெட்ரோல் வாங்கக் காசில்லாமல் காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு முன்னால் குதிரையைப் பூட்டினார்கள். அதற்கு அன்றைய பிரதமர் பெயரையே வைத்து 'பென்னட் வண்டி' என்றார்கள். அந்த மண் அத்தனை ஊர்களைத் தாங்கும் என்று நம்பியதுதான் ஆதித் தவறு. கலைத்தவர்களைத் தேடுவதைவிட, ஏன் அவ்வளவு நெருக்கமாகக் குடியேற்றினார்கள் என்று கேட்பது நியாயம்.

அடுத்தது பணம். எஞ்சியுள்ள ஊர்களுக்கே குடிநீர்க் குழாய் மாற்ற நிதி இல்லை. இந்த நிலையில் பழைய நோட்டுப் புத்தகத்துக்கு யார் செலவழிப்பார்கள்?

சமவெளிவாசி

ஆதித் தவறு பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டிஷ் ஆய்வுப்பயணக் குழுவின் தலைவர் ஜான் பாலிசர் 1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தென்பகுதி வறண்டது, உழவுக்கு ஏற்றதல்ல என்று எழுதியிருந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் விளம்பரம் செய்து ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

ஆனால் லாரி வந்ததால் ரயில் போனது என்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. பாதையை மூடியபோது செலவு மறைந்துவிடவில்லை, கை மாறியது. முன்பு ரயில் சுமந்த கோதுமையை இப்போது கனரக லாரிகள் சுமக்கின்றன. அவை நாசமாக்கும் சாலையை ஊரக நகராட்சி தன் வரிப்பணத்தில் போட வேண்டும். அதே நகராட்சிக்கு எலிவேட்டரும் ரயில் கம்பெனியும் கட்டிவந்த சொத்து வரியும் நின்றுபோனது. இரண்டு பக்கமும் அடி. வேறு வழி இருந்தது என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. மாகாணத்தின் தென்மேற்கில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதையை 2004இல் அப்பகுதி விவசாயிகளும் நகராட்சிகளும் சேர்ந்து வாங்கினார்கள். பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத பாதை அவர்களுக்குக் கட்டுப்படியானது.

இந்த வாதத்தை நாம் இங்கே நடத்த முடிவதே, அந்தக் காலத்துக் கூட்டக் குறிப்புகள் சில எங்கோ மிஞ்சியிருப்பதால்தான். அதற்காகவாவது அந்த நோட்டுகள் வேண்டும்.

வெண்சட்டை

நான் இந்த மாகாணத்தில் செவிலியாக இருக்கிறேன். இந்த இழையில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

கனடா முழுவதும் இன்று பெருமையாகச் சொல்லும் பொது மருத்துவக் காப்பீடு பெரிய நகரத்தில் பிறந்ததில்லை. இந்தச் சிற்றூர்களில் பிறந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் சார்னியா என்ற ஊரக நகராட்சியில் இருந்த ஒரே மருத்துவர், வருமானம் போதாமல் ஊரைவிட்டுப் போகப் பார்த்தார். நகராட்சி தன் வரிப்பணத்திலிருந்து அவருக்கு ஒரு தொகையை ஒதுக்கி நிறுத்திக்கொண்டது. பக்கத்து நகராட்சிகள் பார்த்துச் செய்தன. 1946இல் ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரம் முழுவதற்கும் ஒரு காப்பீட்டுத் திட்டம் வந்தது. 1947இல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு. 1962இல் மருத்துவர் கட்டணத்துக்கும் சேர்த்து. மாகாண முதல்வராக இருந்த டாமி டக்ளஸ் பெயரை எல்லோரும் சொல்கிறோம், சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கு முன்னோட்டமாக இருந்தது கோதுமை விற்ற காசில் ஒரு மருத்துவரைத் தக்கவைத்துக்கொண்ட அந்த நகராட்சிதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1993ஐப் பாருங்கள். மாகாணம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் 52 மருத்துவமனைகளில் கைவைத்தது டக்ளஸின் மரபில் வந்த அதே கட்சியின் அரசு. அதனால்தான் முதியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. தேர்தலில் எதிராளி செய்திருந்தால் கோபம் மட்டும்தான் இருந்திருக்கும்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1946இல் தொடங்கிய அரசு பஸ், நிறுத்தப்பட்டபோது 253 ஊர்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் ஆட்கள் மட்டும் போகவில்லை. ரத்த மாதிரிகள், மருந்துகள், அறுவடை இயந்திரத்தின் உதிரி பாகங்கள் எல்லாம் அதன் வயிற்றில் போயின. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ரெஜைனாவுக்கும் சஸ்கட்டூனுக்கும் வரவேண்டிய, கார் ஓட்ட முடியாத ஒரு பெரியவருக்கு அதற்கு மாற்று என்ன? பக்கத்து வீட்டுக்காரர்தான். பக்கத்து வீடே இல்லாதபோது?

இவர்களோடு தினமும் பேசுகிறேன். யாராவது கேட்டால் சொல்லக் காத்திருக்கிறார்கள். பனிப்புயலில் தொலைபேசிக் கம்பியைத் தாங்களே பழுதுபார்த்தது, 1930களில் கிழக்கிலிருந்து நிவாரணமாக வந்த உப்புக் கருவாட்டை எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் தாய்மார்கள் திகைத்தது. நம் சமையலறையில் அதற்கு வழி தெரிந்திருக்கும் என்று நான் சொன்னேன். அரைமணி நேரம் பேச்சு ஓடியது.

தெருமுனைக் கடை

நான் ஒரு சிற்றூரில் பெட்ரோல் பங்க்கும் மளிகையும் வைத்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், ஏன் என்று படித்தால் புரியும்.

நாங்கள் வாங்கிய கட்டடம் பல ஆண்டுகள் ஒரு சீனக் குடும்பத்தின் கஃபேயாக இருந்தது. பின்கட்டு அலமாரியின் அடித்தட்டில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு பற்று நோட்டு கிடைத்தது. காலிகோ அட்டை, முனை மழுங்கியிருக்கிறது. 1950களின் நடுப்பகுதி. நம் ஊர் மளிகைக் கடையில் பார்த்த அதே முறைதான், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். காபித்தூள் இரண்டு ராத்தல், புகையிலை ஒரு டின், மண்ணெண்ணெய், கையுறை ஒரு ஜோடி, குழந்தைக்கு ஆரஞ்சு. ஏப்ரல் தொடங்கிப் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. அக்டோபரில் ஒரே கோடு, பக்கம் முழுவதும் அடித்து, கோதுமைப் பணம் வந்துவிட்டது என்று தெரிகிறது. சில பக்கங்களில் அந்தக் கோடு இல்லை. மறு வருடமும் இல்லை. அந்தப் பெயரே அதற்குப் பிறகு வருவதில்லை. பொருள்களின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஓரத்தில் பென்சிலால் சீன எழுத்தில் குறிப்புகள்.

இந்த ஊருக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் இருக்கிறது. மாகாணத்தின் 75ஆம் ஆண்டையொட்டி ஊர்க்காரர்கள் சேர்ந்து போட்ட கனமான புத்தகம். குடும்பங்கள் அகரவரிசையில் இருக்கின்றன. கஃபேக்காரரைத் தேடினேன். கிறிஸ்துமஸ் ஊர்வலப் படமொன்றின் கீழே கஃபேயின் பெயர் வருகிறது. அவர் பெயர் எங்கும் இல்லை. ஊருக்கே கடன் கொடுத்த மனிதர்!

சமவெளிவாசி ஐயா, "ஊரின் நினைவு" என்று சொல்லும்போது எனக்கு இது நெருடுகிறது. சீனர்கள் கனடாவுக்குள் வர 1885இல் தலைவரி போட்டார்கள். 1903இல் அது 500 டாலர். 1923இல் கதவையே சாத்தி, 1947இல்தான் திறந்தார்கள். 1912இல் இந்த மாகாணம், சீன முதலாளிகள் வெள்ளைப் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. குடும்பத்தை அழைத்துவர முடியாமல் தனியாகக் கிடந்து, விடியற்காலையில் அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் பாக்கி எழுதிய மனிதருக்கு ஊர்ப் புத்தகத்தில் ஒரு பத்தி கிடைக்கவில்லை. இப்போது இந்த வட்டாரத்தில் மோட்டலும் பங்க்கும் உணவகமும் நடத்துவது பெரும்பாலும் நம்மைப் போலப் புதிதாக வந்தவர்கள். அடுத்த புத்தகத்தில் நாம் இருப்போமா?

ரொறன்ரோ வாசகி

கடைக்கார அண்ணா, உங்கள் பதிவைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும்.

இந்த இழை 1872இல் தொடங்குகிறது. 10 டாலருக்குக் கொடுக்க அந்த நிலம் யாருடையது? 1874இல் நான்காம் ஒப்பந்தம், 1876இல் ஆறாம் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட க்ரீ, சோல்ட்டோ, அசினிபோயின் பூர்வகுடி மக்கள் உழவுக் கருவிகளும் விதையும் தருவதாக அரசிடம் உறுதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காட்டெருமை அழிந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியும், உழவுக்கு மாறத் தயாராக இருந்தார்கள். 1870களின் இறுதியில் எருமை மந்தைகள் போனபிறகு, பட்டினியாகக் கிடந்தவர்களுக்கு உணவை நிறுத்திவைத்து அவர்களுக்கென அரசு அளந்துவைத்த ஒதுக்கு நிலங்களுக்குள் அவர்களைத் தள்ளினார்கள். 1885க்குப் பிறகு ஒதுக்கு நிலத்தைவிட்டு வெளியே போக அரசு முகவரின் சீட்டு வேண்டும். தங்கள் வயலில் விளைந்த தானியத்தை விற்பதற்கும் அவருடைய அனுமதி வேண்டும். ரயில்நேசன் அழகாக விவரித்த அந்த எடைமேடைக்கு ஒரு க்ரீ விவசாயி நினைத்தபோது வண்டியை ஓட்டி வர முடியாது.

இடுகாட்டு வரைபடம் என்றீர்கள். 2021 ஜூனில் கவெசெஸ் பூர்வகுடி மக்கள், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான மாரிவல் உறைவிடப் பள்ளி இருந்த இடத்தருகே அடையாளமில்லாத 751 கல்லறைகள் இருப்பதாக அறிவித்தார்கள். அங்கே ஒருகாலத்தில் இருந்த அடையாளக் கற்கள் அகற்றப்பட்டவை என்றும் சொன்னார்கள். இதுவும் அதே சமவெளிதான். கோதுமை ஊர்களின் நினைவைத் தனியாகவும் இதைத் தனியாகவும் வைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

சமவெளிவாசி

ரொறன்ரோ வாசகி சொன்னதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஊர்மன்றத் தீர்மானப் புத்தகங்களைத் தேடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒதுக்கு நிலத்தின் ஒரு பகுதியைக் குடியேறியவர்களுக்குத் திறந்துவிடச் சொல்லி அரசுக்கு மனு எழுதிய ஊர்கள் இருந்தன. அப்படிப்பட்ட மனு நிறைவேறிய கூட்டத்தின் குறிப்பு ஒரு ஊரில் இருக்குமானால், அதுவும் அந்த ஊரின் நினைவுதான். பிள்ளைகளுக்குக் காட்டக் கூச்சமாக இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது முறையல்ல.

குடியேறியவர்களும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல. மாகாணத்தின் வடகிழக்கே ஈடன்பிரிட்ஜில் 1906இல் யூதர்கள் வந்து உழுதார்கள், அவர்களுடைய மரத் தொழுகைக்கூடம் இன்னும் நிற்கிறது. ஆல்பர்ட்டாவில் ஆம்பர் வேலியில் குடியேறியவர்கள் ஓக்லஹோமாவின் இனவெறிச் சட்டங்களிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள். அந்த ஊர்களும் கலைந்துவிட்டன.

படப்பயணி

படம் எடுப்பவர்கள் சார்பாகப் பேச ஒருவராவது வேண்டும்.

ஃபிளெமிங் என்ற ஊரில் 1895இல் கட்டிய எலிவேட்டர் இருந்தது. கட்டிய இடத்திலேயே நின்றவற்றில் கனடாவிலேயே மிகப் பழையது. ஊர்க்காரர்கள் அரும்பாடுபட்டு அதைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். 2010 பிப்ரவரியில் எரிந்துபோனது. இன்று இருப்பது படங்கள்தான். காகிதம் முக்கியம் என்பதற்காகப் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு இளைஞனை இந்த விஷயத்துக்குள் இழுத்துவருவது படம்தான், கூட்டக் குறிப்பேடு அல்ல. மானிடோபாவில் இங்லிஸ் ஊரில் வரிசையாக நிற்கும் ஐந்து எலிவேட்டர்களும் ஆல்பர்ட்டாவின் நான்டன் எலிவேட்டர்களும் பிழைத்ததற்குக் காரணம், அவற்றைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்கள் எழுந்து நின்றதுதான்.

சுவடி அடுக்கு

நான் ஒரு நூலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். படப்பயணிக்கு முதலில் பதில்.

எவரெட் பேக்கர் என்பவரைத் தேடிப் பாருங்கள். கோதுமைக் கூட்டுறவின் களப்பணியாளர். 1940 முதல் ஊர் ஊராகப் போனபோதெல்லாம் கோடக்ரோம் வண்ணச் சிலைடில் படம் எடுத்தார். கூட்டுறவுக் கூட்டங்கள், பள்ளிக்கூடச் சுற்றுலா, நடவு, பனியில் சிக்கிய கார், புதிதாக மின்சாரம் வந்த சமையலறை. ஏறக்குறைய 10,000 சிலைடுகள் இன்று சஸ்காட்செவான் வரலாறு மற்றும் நாட்டார் வழக்காற்றுச் சங்கத்திடம் இருக்கின்றன. அந்தத் தொகுப்புக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம், படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த நாள் என்று அவர் குறித்துவைத்திருந்தது. அவர் ஊர் உயிரோடிருக்கும்போது எடுத்தார். நாம் உயிர் போனபின் எடுக்கிறோம். குறிப்பாவது அவரைப்போல எழுதலாமே.

ஊர்ப் புத்தகங்கள் பற்றி: 1980இல் சஸ்காட்செவானுக்கும் ஆல்பர்ட்டாவுக்கும் 75 வயது. அதையொட்டி நூற்றுக்கணக்கில் வந்தன. ஒவ்வொரு குடும்பமும் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் முறை. அதன் பலமும் பலவீனமும் அதுதான். 1930களில் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டவர்கள், சம்பளத்துக்கு வந்த கூலியாட்கள், பள்ளி ஆசிரியைகள், கஃபேக்காரர் ஆகியோருக்கு எழுதிக் கொடுக்க ஆளில்லை. ஆகவே புத்தகத்தில் இடமில்லை. கடைக்காரரின் பற்று நோட்டு இதனால்தான் பொன்னுக்குச் சமம். புத்தகத்தில் இல்லாத பெயர்கள் அதில் இருக்கும்.

மாகாணம் போரில் இறந்த வீரர்களின் பெயரை வடக்கேயுள்ள ஏரிகளுக்கும் தீவுகளுக்கும் வைத்திருக்கிறது, ஆயிரக்கணக்கில். பையன் பிறந்த ஊர் இன்று வரைபடத்தில் இருக்காது, அவன் பார்த்தே இராத ஓர் ஏரி அவன் பெயரில் இருக்கும். ஊர்ப்பெயர்களை இழந்தவர்கள் இந்தப் பட்டியலிலிருந்து பின்னோக்கித் தேடலாம். பிறந்த ஊர் பெரும்பாலும் படைப்பதிவில் இருக்கிறது.

தெருமுனைக் கடை

ஆவணப் பிரிவில் இருப்பவரிடம் ஒரு சந்தேகம். நோட்டில் பாக்கி வைத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்னும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், என் கடைக்குத்தான் வருகிறார்கள். "உன் தாத்தா கடனைக் கட்டவில்லை" என்று நான் ஊரறியச் சொல்வதுபோல் ஆகிவிடக் கூடாது. அதேசமயம் நோட்டை ஒளித்துவைக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

சுவடி அடுக்கு

இணையத்தில் போடாதீர்கள். முதலில் கஃபே நடத்திய குடும்பத்தைத் தேடுங்கள், நோட்டு தார்மீகமாக அவர்களுடையது. நிலப் பதிவேட்டில் கட்டடத்தின் பழைய உரிமையாளர் பெயர்கள் கிடைக்கும். அவர்கள் சம்மதித்தால் ரெஜைனாவில் உள்ள மாகாண ஆவணக் காப்பகத்திடம் பேசுங்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகுதான் பொதுப் பார்வைக்குத் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கொடுக்க முடியும். சீனக் குறிப்புகளை இப்போதே படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அந்தத் தலைமுறையின் கையெழுத்தும் வட்டார வழக்கும் படிக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நோட்டைப் பிரித்து மல்லாக்க அழுத்த வேண்டாம், முதுகு உடையும். ஒட்டுநாடா கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அதுவே இப்போதைக்குப் போதும்.

ரொறன்ரோ வாசகி

வரவுசெலவு "யார் செலவழிப்பார்கள்" என்று கேட்டிருந்தார். 2005இல் தொடங்கிய, ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தை நினைத்துப் பாருங்கள். பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், மாதர் சங்க அறிக்கை, நினைவு மலர் என்று வேறெந்த நூலகமும் சீண்டாத காகிதங்களைத் தேடித்தேடி வருடியிருக்கிறார்கள். பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு. எம்மவருக்கு இந்த வேலையில் கை பழகியிருக்கிறது. நாங்கள் வாழவந்த மண்ணின் காகிதங்களுக்கும் அந்தக் கையைக் கொடுக்கலாம்.

வரவுசெலவு

ஊர்களைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் செலவு பற்றி நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இதற்கு வேண்டியது பெரும் நிதியல்ல, ஆள். அப்படியானால் வரிசை முக்கியம். கட்டடம் இன்னும் பத்து ஆண்டு நிற்கலாம், 90 வயதுக்காரர் நிற்க மாட்டார். முதலில் வெண்சட்டை சொன்ன முதியவர்களின் பேச்சு, அடுத்து காகிதம், கடைசியில் கட்டடம்.

வெண்சட்டை

இந்த வரிசையை ஏற்கிறேன். ஆனால் நோயாளிகளிடம் வேலை நேரத்தில் நான் பதிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. முதியோர் இல்லங்களில் பொழுதுபோக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். அவர் வழியாக, குடும்பத்தின் சம்மதத்தோடு, தன்னார்வலராகப் போவதுதான் முறை. போகிறவர்கள் "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். கோதுமையை எந்த எலிவேட்டருக்குக் கொண்டுபோனீர்கள், ஏன் அந்த ஒன்றுக்கு, கடைசி ரயில் போன பிறகு தபால் எப்படி வந்தது, பள்ளி மூடியபோது கூட்டத்தில் யார் எதிர்த்துப் பேசினார்கள், கஃபேக்காரரின் பெயர் என்ன என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

சமவெளிவாசி

வெண்சட்டையின் கேள்விகளைத் தனிப்பதிவாக இழையின் தலைப்பில் ஒட்டிவைக்கிறேன். ஒதுக்கு நிலத்துக்காரர்களோடு உங்கள் ஊருக்கு என்ன கொடுக்கல்வாங்கல் இருந்தது என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

கடைக்காரரின் நோட்டு விஷயத்தில், தென்சீனத்துத் தோய்சான் வட்டாரத்துச் சீனம் படிக்கத் தெரிந்தவர் யாருக்காவது அறிமுகமாக இருந்தால் கடைக்காரருக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். முதலில் வந்த சீனர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தவர்கள். ரயில்நேசன், மூடிய கிளைப்பாதைகளைப் பாதைவாரியாக, வருடத்தோடு தொகுத்துத் தர முடியுமா? எந்த ஊர்மன்றத்தின் காகிதங்களை முதலில் தேட வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். படம் போடுகிறவர்கள் இனிமேல் ஊரின் பெயர், எடுத்த நாள், எந்தத் திசையிலிருந்து எடுத்தது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பேசத் தொடங்கினால், அந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்பதை அவரே சொல்லிவிடுவார்.